'ஆசியர்' கட்டத்தில் ஒரு டிக்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் மருத்துவப் பக்கத்தில், கல்லீரல் புற்றுநோய்க் கட்டிக்குள் இருக்கும் நோய் எதிர்ப்புச் சூழல் இனத்துக்கு இனம் மாறுகிறது என்று அரைப் பக்கத்துக்குச் செய்தி போட்டிருந்தீர்கள். செய்தி தப்பு என்று சொல்ல வரவில்லை. ஆனால் அதைப் படித்துவிட்டு எங்கள் தெருவில் ஒருவர் எடுக்க இருந்த முடிவைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. கொஞ்சம் நீளமாகத்தான் வரும், வெட்டிப் போட்டாலும் சரி.

நான் இருப்பது கடலூர் முதுநகர். நாலு வீடு தள்ளி ஒரு பெரியவருக்கு ஈரலில் கட்டி என்று மூன்று வாரம் முன்பு ஸ்கேனில் தெரிந்தது. மகன் அலைந்து திரிந்து, உடம்பின் எதிர்ப்பு சக்தியையே புற்றுநோய்மேல் ஏவிவிடும் இம்யூனோதெரபி ஊசி போடலாமா என்று கேட்கப் பெரிய டாக்டரிடம் நாள் வாங்கி வைத்திருந்தான். திங்கட்கிழமை காலை பால் வாங்கும் இடத்தில் என்னைப் பார்த்துவிட்டு, "அக்கா, பேப்பர்ல போட்டிருக்காங்களே பாத்தீங்களா, அந்த ஊசி நம்ம ரத்தத்துக்குப் பிடிக்காதாம், வெள்ளக்காரனுக்குத்தான் கேக்குமாம், எதுக்கு லட்சம் லட்சமா கொட்டணும், அப்பாவ வீட்லயே வெச்சிக்கலாம்னு பாக்குறேன்" என்றான். உங்கள் செய்தியில் அப்படி ஒரு வரி இல்லை, நான் இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். ஆனால் 'ஆசியர்களின் எதிர்ப்பு சக்தி வேறு' என்று எட்டுப் பத்தித் தலைப்புப் போட்டால் அவன் காதில் அப்படித்தான் விழும். டீக்கடைக்குப் போவதற்குள் அது இன்னொரு சுற்றுச் சுற்றி 'நம்ம ஜாதிக்கு ஒத்துக்காது' என்று ஆகியிருந்தது.

நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். டாக்டர் இல்லை. புதுச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரியின் பெத்தாலஜி பிரிவில் 31 வருடம் டெக்னீசியனாக இருந்து ஓய்வு பெற்றவள். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ஃபார்மலினில் மிதந்து வரும் சதையை மெழுகில் பதித்து பிளாக் ஆக்கி, மைக்ரோடோமில் நாலு மைக்ரான் தடிமனுக்குச் சீவி, கண்ணாடியில் ஏற்றிச் சாயம் போட்டு டாக்டர் மேஜைக்கு அனுப்புவதுதான் வேலை. சீவும்போது ஃபேன் போடக் கூடாது, மே மாதத்துப் புதுச்சேரியிலும் கூடாது. பிளாக்கை ஐஸில் குளிர வைத்துச் சக்கரத்தைச் சுற்றினால் மெழுகு, பூச்சரம் மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நாடாவாக வரும். ஒரு தும்மல் வந்தால் போச்சு, பறந்துவிடும். அதைப் பிரஷ்ஷால் தூக்கி வெதுவெதுப்பான தண்ணீரில் விட்டால் சுருக்கம் விரிந்து மிதக்கும், அடியிலிருந்து ஸ்லைடைக் கொடுத்து ஏந்திக்கொள்ள வேண்டும். இத்தனை வருடத்தில் எத்தனை ஈரல் சீவியிருப்பேன் என்று கணக்கில்லை.

நீங்கள் எழுதியிருந்த 'நோய் எதிர்ப்புச் சூழல்' என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். சி.டி.8 என்று ஒரு சாயம் உண்டு. புற்றுசெல்லைக் கொல்லக்கூடிய டி செல்கள் எங்கே இருந்தாலும் அங்கே பழுப்பாகப் புள்ளி விழும், மற்றதெல்லாம் நீலமாக இருக்கும். சில கட்டிகளில் நீலத்துக்குள் எங்கு பார்த்தாலும் பழுப்புப் புள்ளி, கடுகு தாளித்துக் கொட்டியது போல இருக்கும். சிலவற்றில் ஒன்றுகூட இருக்காது. இன்னும் சிலவற்றில்தான் வேடிக்கை, கட்டியின் ஓரத்தில் மட்டும் வரிசையாகப் பழுப்புப் புள்ளி நிற்கும், உள்ளே ஒன்றும் போயிருக்காது. சண்டை போட்டுப் பிரிந்த வீட்டுக்குக் கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் உள்ளே போகாமல் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்ட மாதிரி. ஏன் உள்ளே போகவில்லை, யார் தடுத்தது, போன செல்கள் வேலை செய்கின்றனவா இல்லை சோர்ந்துபோய்ச் சும்மா கிடக்கின்றனவா என்பதுதான் இந்த ஆராய்ச்சி முழுவதும்.

இப்போது அந்த 'இனம்' என்ற கட்டத்துக்கு வருகிறேன். எங்கள் பிரிவிலிருந்து ஒரு முறை வெளிநாட்டுக் கூட்டாய்வு ஒன்றுக்குச் சில ஈரல் பிளாக்குகள் போயின. ஒவ்வொன்றோடும் ஒரு தாள். வயது, ஆணா பெண்ணா, அப்புறம் இனம்: வெள்ளையர், கறுப்பர், ஆசியர், மற்றவர். பாகூர் விவசாயி ஆசியர். காரைக்கால் மரக்காயர் ஆசியர். நேரு வீதி மார்வாடிக் கடைக்காரர் ஆசியர். தாத்தா பிரெஞ்சுக்காரர், பாட்டி தமிழ், அம்மா வியட்நாமில் பிறந்தவர் என்று ஒரு புதுச்சேரி அம்மாவின் பிளாக்கும் அதில் இருந்தது. அவருக்கு எதை டிக் அடிப்பது என்று நானும் கூட வேலை பார்த்த பெண்ணும் ஐந்து நிமிடம் விவாதித்தோம், அதற்குள் டீ வந்துவிட்டது, சரி என்று ஆசியர் கட்டத்தில் அடித்துவிட்டோம். அந்த டிக் ஏதோ ஒரு கணினியில் ஏறி, ஏதோ ஒரு கட்டுரையில் 'ஆசியர்கள்' என்ற பட்டை வரைபடத்தில் ஒரு துளி உயரமாகச் சேர்ந்திருக்கும்.

இதனால் எல்லா ஆராய்ச்சியும் பொய் என்று ஆகாது. ஆனால் அந்தக் கட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் 'ஆசியர்' என்று படிக்கக் கூடாது. உங்கள் நிருபர் பார்த்திருக்க வேண்டும்.

ஒரு உதாரணம். சோராஃபெனிப் என்று ஒரு மாத்திரை, கல்லீரல் புற்றுநோய்க்கு முதன்முதலில் ஆயுளைக் கூட்டிக் காட்டிய மருந்து. 2008-ல் பெரும்பாலும் ஐரோப்பிய நோயாளிகளைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவு வந்தது: மாத்திரை சாப்பிட்டவர்கள் சராசரியாக 10.7 மாதம் உயிரோடு இருந்தார்கள், மருந்தே இல்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்கள் 7.9 மாதம். அடுத்த வருடம் ஆசிய-பசிபிக் ஆய்வு வந்தது: 6.5 மாதம், 4.2 மாதம். மேலோட்டமாகப் பார்த்தால் ஆசியர்களுக்கு மருந்து வேலை செய்யவில்லை என்றுதானே தோன்றும்? ஆனால் மரணத்துக்கான ஆபத்தை மருந்து குறைத்த அளவு முதல் ஆய்வில் 31%, இரண்டாவதில் 32%. இரண்டும் ஒன்றுதான். ஐரோப்பிய ஆய்வில் சேர்ந்தவர்களைவிட ஆசிய ஆய்வில் சேர்ந்தவர்கள் நோய் முற்றிய பிறகு வந்தவர்கள், அதுதான் மாதக் கணக்கு குறைந்ததற்குப் பெரிய காரணம். இதில் இன்னொன்று, 'ஆசிய-பசிபிக்' என்று பெயர் வைத்த அந்த ஆய்வு நடந்தது சீனா, தென்கொரியா, தைவான் மூன்று இடத்தில். அதில் முக்கால்வாசிப் பேருக்கு ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் இருந்தது. ஐரோப்பிய ஆய்வில் அது ஐந்தில் ஒருவருக்கும் குறைவு.

ஊசி விஷயத்துக்கு வருவோம், எங்கள் தெருப் பையன் பயந்தது அதற்குத்தானே. பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தை உலகம் முழுவதும் பல நாட்டு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது 13.9 மாதம், கொடுக்காதவர்களுக்கு 10.6 மாதம். ஆனாலும் முன்கூட்டியே வைத்திருந்த புள்ளியியல் வரம்பை அது தொடவில்லை, அதனால் ஆய்வு தோல்வி என்று எழுதினார்கள். அதே மருந்து ஆசிய நோயாளிகளிடம் தனியாக நடந்த ஆய்வில் 14.6 மாதம், 13 மாதம். அது வெற்றி. எதில் வித்தியாசம் கூட என்று நீங்களே கழித்துப் பாருங்கள். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு 'ஆசியருக்குப் பிடிக்கும்' என்றும் தலைப்புப் போடலாம், 'பிடிக்காது' என்றும் போடலாம். ஆனால் எங்கள் தெருப் பெரியவருக்கு அதில் எதுவும் உதவாது.

இப்போது பெரிதாகப் பேசப்படுவது அடெசோலிசுமாப், பெவாசிசுமாப் என்ற இரண்டு ஊசி சேர்ந்த சிகிச்சை, 2020-ல் வந்தது. சோராஃபெனிப் சாப்பிட்டவர்கள் 13.4 மாதம், இந்த ஊசி போட்டவர்கள் 19.2 மாதம் என்று பிறகு வந்த கணக்கு சொன்னது. 501 பேர் சேர்ந்த அந்த ஆய்வில் நோயாளிகளைப் பிரித்த விதம்தான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. 'ஜப்பான் நீங்கலாக ஆசியா' ஒரு பக்கம், 'மீதி உலகம்' இன்னொரு பக்கம். ஜப்பான்காரரைத் தூக்கி அமெரிக்கரோடும் ஐரோப்பியரோடும் உட்கார வைத்திருக்கிறார்கள்! ஜப்பானில் இந்தப் புற்றுநோய்க்கு நீண்ட காலமாகப் பெரிய காரணம் ஹெபடைட்டிஸ் சி வைரஸ், சீனாவில் பி வைரஸ். ஜப்பானில் ஆபத்து உள்ளவர்களுக்குத் தவறாமல் ஸ்கேன் எடுத்துச் சின்னதாக இருக்கும்போதே பிடித்துவிடுகிறார்கள். ஆக ஆய்வு நடத்துகிறவர்களுக்கே தெரிகிறது, இது முகத்தையும் தோலையும் வைத்துப் பிரிக்கிற சமாசாரம் இல்லை, வைரஸையும் கண்டுபிடிக்கிற நேரத்தையும் வைத்துப் பிரிப்பது என்று. செய்தியாக வரும்போது மட்டும் அது 'இனம்' ஆகிவிடுகிறது.

ஈரலின் குணமும் கொஞ்சம் தெரிந்தால்தான் இது புரியும். ஈரலுக்குப் போகும் ரத்தத்தில் முக்கால் பங்கு குடலிலிருந்து வருவது. நாம் சாப்பிட்ட சாம்பார், கருவாடு, குடித்த காபி, குடலில் செத்த பாக்டீரியா எல்லாவற்றின் மிச்சமும் முதலில் அங்கேதான் வந்து சேரும். ஒவ்வொன்றையும் பார்த்து அந்நியன் அந்நியன் என்று கத்திக்கொண்டிருந்தால் ஈரல் ஒரு நாள் தாங்காது. அதனால் சும்மா இருக்கச் சொல்லும் பழக்கம் அங்கே இயல்பாகவே அதிகம். 1969-ல் இங்கிலாந்து உறுப்பு மாற்று டாக்டர் ராய் கால்னும் அவருடன் இருந்தவர்களும் ஒரு பன்றியின் ஈரலை இன்னொரு பன்றிக்கு வைத்தபோது, எதிர்ப்பை அடக்கும் மருந்து இல்லாமலே பல பன்றிகள் அதை ஏற்றுக்கொண்டன. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு வைரஸ் முப்பது நாற்பது வருடம் குடியிருந்தால், டி செல்கள் சண்டை போட்டுப் போட்டுச் சோர்ந்துபோகின்றன. பி.டி.-1 என்ற பிரேக் அழுந்தியபடியே இருக்கும், கூடவே மற்ற செல்களை அடக்கும் டி செல்களும் கூட்டமாக வந்துவிடும். பிரேக் விஷயத்தைக் கண்டுபிடித்த ஆலிசனுக்கும் ஹோஞ்சோவுக்கும் 2018-ல் நோபல், அடக்கும் செல்களைக் கண்டுபிடித்த சகாகுச்சி, புருன்கோ, ராம்ஸ்டெல் மூவருக்கும் 2025-ல் நோபல். இம்யூனோதெரபி ஊசி செய்வதெல்லாம் அந்தப் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடுவதுதான். வண்டி நல்ல நிலையில் இருந்தால் ஓடும்.

2019-ல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் இதைத்தான் காட்டினார்கள். பி வைரஸால் வந்த கட்டிக்குள் அடக்கும் செல்கள் அதிகம், வைரஸ் இல்லாமல் வந்த கட்டிக்குள் வேறு மாதிரிக் கூட்டம். ஒரே ஊர், ஒரே ஆஸ்பத்திரிகள், ஈரலுக்குள் புகுந்த காரணம்தான் வேறு. 2021-ல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் குழு இன்னொரு பக்கம் போய், கொழுப்பு ஈரல் உள்ள எலிகளுக்கு இந்த ஊசியைப் போட்டால் கட்டி குறைவதற்குப் பதில் கூடியது என்று எழுதியது, மூன்று பெரிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து வைரஸ் இல்லாத நோயாளிகளுக்குப் பலன் தெரியவில்லை என்றும் சொன்னது. அடுத்த வருடமே இமாலயா என்ற ஆய்வில் வேறு ஊசி ஜோடியில் வைரஸ் இல்லாதவர்களுக்கும் பலன் தெரிந்தது. ஆக சண்டை இன்னும் முடியவில்லை. ஆனால் சண்டை எதைப் பற்றி என்று பாருங்கள், வைரஸா கொழுப்பா என்பதைப் பற்றி.

எங்கள் குடும்பத்திலேயே இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. என் மாமாவுக்கு இரண்டு பிள்ளைகள். மாமா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர், புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெரியவர் பண்ருட்டிப் பக்கம் மாமியார் வீட்டு நிலத்தோடு தங்கிவிட்டார், சின்னவர் 22 வயதில் பிரான்ஸ் போய் பாரிஸ் ஓரத்தில் ஒரு வேர்ஹவுஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். ஒரே தாய் தகப்பன், மூக்கு ஒரே மாதிரி, கோபம்கூட ஒரே மாதிரி. பெரியவருக்கு பி வைரஸ் இருப்பது 50 வயதுக்கு மேல் ஒரு ஆபரேஷனுக்கு முன்னால் ரத்தம் எடுத்தபோதுதான் தெரிந்தது, எப்போது எப்படி வந்ததென்று யாருக்கும் தெரியாது. சின்னவருக்கு வைரஸ் இல்லை. சுகர், தொப்பை, ரொட்டியும் சீஸும், ஸ்கேன் எடுத்தால் ஈரல் முழுக்கக் கொழுப்பு. இரண்டு பேருக்கும் ஈரல் சுருங்க ஆரம்பித்தது, வழிதான் வேறு. நாளைக்குக் கட்டி வந்தால் (வர வேண்டாம்) ஸ்லைடில் இரண்டும் ஒன்று போல இருக்கும் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன். அமெரிக்க ஃபார்மில் இரண்டு பேரும் ஆசியர். பிரான்ஸில் இனம் கேட்டு எழுதி வைப்பதே சட்டப்படி லேசில் முடியாது, அதனால் சின்னவர் அங்கே வெறும் பிரெஞ்சுக்காரர். என் மாமா இதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

மரபணுவுக்கு ஒன்றுமே இல்லை என்றும் நான் சொல்ல மாட்டேன், அப்படிச் சொன்னால் அதுவும் பொய். பி.என்.பி.எல்.ஏ.3 என்று ஒரு மரபணு, அதில் ஒரு மாற்றம் இருந்தால் ஈரலில் கொழுப்பு சேருவது கூடும் என்று 2008-ல் அமெரிக்காவின் டாலஸ் ஆய்வில் தெரிந்தது. அந்த மாற்றம் அங்கே ஹிஸ்பானிக் மக்களிடம் அதிகம், கறுப்பின மக்களிடம் குறைவு. பி வைரஸ் உடம்பிலேயே தங்கிவிடுமா போய்விடுமா என்பதில் நோய் எதிர்ப்போடு தொடர்புள்ள எச்.எல்.ஏ. மரபணுக்களுக்குப் பங்கு உண்டு என்று 2009-ல் ஜப்பானில் காட்டினார்கள். 2016-ல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்து ஆய்வாளர்கள், ஆப்பிரிக்க வம்சாவளி, ஐரோப்பிய வம்சாவளி என 200 பேரின் ரத்த செல்களை எடுத்து வைரஸ் போன்றவற்றைக் காட்டினால் எப்படி எதிர்வினை செய்கின்றன என்று பார்த்தார்கள், வித்தியாசம் இருந்தது. சரி, இருக்கட்டும். ஆனால் நமக்கு அது எந்த அளவு பொருந்தும்? சாராயம் குடித்தால் முகம் சிவக்கும் அந்த ஏ.எல்.டி.எச்.2 மரபணு மாற்றம் கிழக்கு ஆசியாவில் மூன்றில் ஒருவருக்கு மேல் இருக்கிறது, நம் ஊரில் அபூர்வம். முள்ளோடையிலும் கன்னியக்கோயிலிலும் மாலை ஆறு மணிக்கு வந்து நின்று பார்த்தால் தெரியும், நம் ஆட்களைத் தடுக்க அப்படி ஒரு சிவப்பு விளக்கு உடம்புக்குள் இல்லை. (கடலூர்க்காரர்கள் ஆற்றுப் பாலம் தாண்டிப் போவது விலை குறைவு என்பதற்காக, அதையும் ஒரு ஆய்வுக் கட்டத்தில் சேர்க்கலாம், 'எல்லையிலிருந்து எத்தனை கிலோமீட்டர்' என்று.) பி வைரஸிலும் அப்படித்தான், அந்த ஒரே வைரஸுக்குள் உட்பிரிவுகள் உண்டு, கிழக்கு ஆசியாவில் பி, சி என்ற மரபு வகைகள், இந்தியாவில் பெரும்பாலும் டி, ஏ. மனிதனும் வேறு, வைரஸும் வேறு, இரண்டையும் கலந்து ஒரே கட்டம்.

இந்தியர் என்பதே ஒரு கட்டமா என்ன? ஜீனோம் இந்தியா திட்டத்தில் 83 சமூகக் குழுக்களிலிருந்து சுமார் 10 ஆயிரம் பேரின் மரபணு வரிசையை எடுத்து, 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டார்கள். சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்து எடுத்து, தலைமுறை தலைமுறையாக அடைத்து வைத்த சமூகங்கள் நாம். பக்கத்துப் பக்கத்துத் தெருவுக்குள்ளேயே வித்தியாசம் இருக்கும்.

அப்புறம் நம் வீட்டுக்குள்ளேயே கிடக்கிற இரண்டு விஷயம், உங்கள் செய்தியில் ஒரு வரிகூட இல்லை. ஒன்று மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. ஐப்பசி மழையில் பிடுங்கிய மல்லாட்டை காயாமல் மாட்டிக்கொண்டால் ஓட்டுக்குள் பச்சையாகப் பூஞ்சணம் பிடிக்கும், அதில் அஃப்ளாடாக்சின் என்ற விஷம் உண்டாகும். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழி செத்துப்போய், தீவனத்தில் இருந்த கடலைப் புண்ணாக்கைத் துருவிப் பார்த்துத்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். பி வைரஸும் இந்த விஷமும் ஒரே ஈரலில் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு. அது புற்றுசெல்லில் ஒரு கைநாட்டே வைத்துவிட்டுப் போகும், புற்றுநோய் வராமல் காக்கும் பி53 என்ற மரபணுவில் 249-வது இடத்தில். 1991-ல் சீனாவின் ச்சீடொங் பகுதிக் கட்டிகளிலும் தெற்கு ஆப்பிரிக்கக் கட்டிகளிலும் ஒரே கைநாட்டு இருந்தது. சீனரும் ஆப்பிரிக்கரும் எந்த வகையில் ஒரே இனம்? பூஞ்சணம் பிடித்த தானியத்தைத் தின்ற வகையில்தான். நம் வீட்டில் கசந்த பருப்பைத் துப்பிவிடுவோம், ஆனால் சொத்தையைப் பொறுக்கித் தனியாக வைத்துச் செக்குக்கு அனுப்புகிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். எண்ணெயில் கொஞ்சம், புண்ணாக்கில் மிச்சம், அது மாட்டுக்கு, மாட்டிலிருந்து பாலுக்கு.

இன்னொன்று மூலிகை. தைவானில் 98 கல்லீரல் கட்டிகளைப் பிரித்துப் பார்த்ததில் 78 சதவீதத்தில் அரிஸ்டோலோகிக் அமிலம் மரபணுவில் விட்டுப்போன தழும்பு இருந்தது என்று 2017-ல் வந்தது. அந்த அமிலம் உள்ள செடி நமக்கு அந்நியம் இல்லை, வயல் வரப்பில் கிடக்கும் ஆடுதின்னாப்பாளை அந்த ஜாதிதான். பூச்சிக்கு, சொறிக்கு என்று கஷாயம் வைத்துக் குடித்தவர்கள் உண்டு. இப்படித் தழும்பு அதிகம் உள்ள கட்டியை டி செல்கள் எளிதாக அடையாளம் கண்டுகொள்ள வாய்ப்பு உண்டு என்றும் சொல்கிறார்கள், அதாவது 'எதிர்ப்புச் சூழல்' மாறிவிடும். அதையும் இனம் என்று எழுதினால் என்ன செய்வது? எல்லா மூலிகையையும் திட்டுவதாக நினைக்க வேண்டாம். கீழாநெல்லியை எடுத்துக்கொள்ளுங்கள், 1988-ல் சென்னையில் தியாகராஜனும், பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் வாங்கிய புளும்பெர்க்கும் சேர்ந்து லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள், கீழாநெல்லி சாப்பிட்டவர்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்தது என்று. ஊரே கொண்டாடியது. பிறகு வேறு நாடுகளில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் வரவில்லை. அப்போதும் 'தமிழ் உடம்புக்குத்தான் கேட்கும்' என்று சொன்னவர்கள் இருந்தார்கள், என் பிரிவிலேயே இருந்தார்கள். மொத்தம் அறுபது பேரை வைத்து ஒரே ஒரு முறை செய்த ஆய்வு அது என்பதை யாரும் சொல்லவில்லை.

ஒரு தொழில் ரகசியம் மாதிரி இதையும் சொல்லிவிடுகிறேன். கல்லீரல் புற்றுநோயில் பாதிக்கு மேல் நேரம் எங்களுக்குச் சதையே வராது. மார்புக் கட்டி என்றால் ஊசி போட்டு எடுத்து அனுப்புவார்கள். ஈரல் சுருக்கம் உள்ளவருக்கு மூன்று கட்ட சி.டி. ஸ்கேனில் கட்டி முதலில் பளிச்சென்று ஒளிர்ந்து பிறகு மங்கினால் அதுவே போதும், சதை எடுத்துப் பார்க்கும் பயாப்சி தேவையில்லை, எடுத்தால் ரத்தம் வேறு கசியும். ஆக எங்கள் பிளாக் அலமாரியில் இருப்பது, கட்டி சின்னதாக இருந்து ஆபரேஷன் செய்ய முடிந்தவர்களின் ஈரல். வயிற்றில் தண்ணீர் கோத்துக்கொண்டு, கண் மஞ்சளாகி, கடைசியில் வருகிறவர்களின் சதை ஆய்வுகளில் அபூர்வம். டி செல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்து 2017-ல் பீகிங் பல்கலைக்கழகம் செய்த புகழ்பெற்ற ஆய்வில் 5,063 செல்கள், கேட்கப் பெரிய எண், வந்தது ஆறே ஆறு நோயாளிகளிடமிருந்து. அருமையான வேலை, நான் குறை சொல்லவில்லை, அந்த வேலை எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஆறு பேரை வைத்து ஒரு கண்டத்துக்கே ஜாதகம் எழுதக் கூடாது.

அடுத்த முறை இதே விஷயத்தை எழுதும்போது, தயவுசெய்து, பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி போடுங்கள். அமெரிக்கர், ஆசியர் வேண்டாம். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி நாடு முழுவதும் குழந்தைகளுக்குப் போட ஆரம்பித்தது 2011-ல்தான், அதற்கு முன்னால் பிறந்த நம்மில் பெரும்பாலோர் ஒரு முறையாவது ரத்தம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று போடுங்கள். 2018-ல் தொடங்கிய தேசிய திட்டத்தில் அந்தப் பரிசோதனையும் மாத்திரையும் அரசு ஆஸ்பத்திரியில் இலவசம் என்று போடுங்கள். 2022 கணக்குப்படி இந்தியாவில் இரண்டு கோடியே 98 லட்சம் பேருக்கு பி வைரஸ் இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, அதில் பெரும்பாலானவர்களுக்குத் தனக்கு இருப்பதே தெரியாது. பி வைரஸ் உள்ளவரும் ஈரல் சுருக்கம் உள்ளவரும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை வயிற்று ஸ்கேன் எடுத்துக்கொண்டால் கட்டி கொட்டைப்பாக்கு அளவில் இருக்கும்போதே பிடித்துவிடலாம். தைவானில் 1984-ல் குழந்தைகளுக்கு இந்தத் தடுப்பூசியை ஆரம்பித்தார்கள், பத்து வருடத்தில் சிறுவர்களுக்கு வரும் கல்லீரல் புற்றுநோய் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. அவர்கள் இனம் மாறிவிடவில்லை.

எங்கள் தெருப் பையன் கதையை முடித்துவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை அவனை வீட்டுக்குக் கூப்பிட்டு உட்கார வைத்து, டாக்டர் என்னென்ன பார்ப்பார் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: பிலிருபின் எவ்வளவு, அல்புமின் எவ்வளவு, ரத்தம் உறையும் நேரம், வயிற்றில் தண்ணீர் இருக்கிறதா, புத்தி தடுமாற்றம் இருக்கிறதா. இந்த ஐந்தை வைத்துத்தான் ஈரல் எந்த அளவு தாங்கும் என்று மதிப்பெண் போடுவார்கள். அப்புறம் உணவுக்குழாயில் ரத்தக்குழாய் புடைத்திருக்கிறதா என்று எண்டோஸ்கோபி, ஏனென்றால் பெவாசிசுமாப் போட்டால் அங்கே ரத்தம் கசியும் பயம் உண்டு. ஊசி வேண்டுமா, மாத்திரையா, ஒன்றுமே வேண்டாமா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. பணம் பெரிய கேள்விதான், அதையும் நேராக டாக்டரிடமே கேள், பேப்பரைக் கேட்காதே என்றேன். புதன்கிழமை போய்விட்டு வந்தான். பெரியவருக்கு பி வைரஸ் இருக்கிறது, இத்தனை நாள் தெரியாது. எண்டோஸ்கோபி வரும் வியாழன். பையனுக்கும் அவன் தங்கைக்கும் அங்கேயே ரத்தம் எடுத்திருக்கிறார்கள். ஃபார்மில் இனம் என்று ஏதாவது கேட்டார்களா என்று விசாரித்தேன். இல்லையாம், 'நோயாளிக்கு என்ன உறவு' என்று ஒரு கட்டம் மட்டும் இருந்ததாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக டெக்னீசியன்,
கடலூர் முதுநகர்